ஹை ரிஸ்க் என்றால் ஆபரேசன் அல்ல

"நம்பர் போட்டா கம்ப்யூட்டர் ஹை ரிஸ்க்னு காட்டும். அப்படிக் காட்டிட்டா ஆபரேசன்தான்."

எங்கள் பகுதியில், தாடிக்கொம்பிலும் அகரத்திலும், இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். மில் வேனில் பேசுகிறார்கள், வளைகாப்பு வீட்டில் பேசுகிறார்கள், பெருமாள் கோயிலில் தன்வந்திரி சன்னதிக்கு வந்த இடத்திலும் பேசுகிறார்கள். பேச்சோடு நின்றால் பரவாயில்லை. மூன்றாம் மாதத்துக்குள் பதிய வேண்டிய பெண்ணை ஆறாம் மாதம் கூட்டிவருகிறார்கள். பிரஷர் பார்க்க வீடு தேடி வந்த நர்ஸிடம், மருமகளை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு, "அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்கிறார்கள். பகுதி சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பம் தெரிந்ததும் கொடுக்கிறார்களே 12 இலக்க ஆர்.சி.எச். எண், அது பிக்மி என்னும் மென்பொருளின் பதிவு எண். 2017 அக்டோபரிலிருந்து பிறப்புப் பதிவுக்கும் அதைக் கேட்கிறார்கள். வயது, எத்தனையாவது பிள்ளை, முன்பு ஆபரேசன் ஆனதா, எடை, பிரஷர், ஹீமோகுளோபின் என்னும் ரத்த அளவு, சர்க்கரை எல்லாம் அதில் ஏறும். ரத்த அளவு 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. பிரஷர் 140/90 தொட்டால் கவனிக்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. இந்த வரம்புகளை எந்த இயந்திரமும் கண்டுபிடிக்கவில்லை. குளுக்கோஸ் பரிசோதனையை இப்படி எளிமையாக்கி, சாப்பிட்டு வந்த பெண்ணுக்கும் அன்றே செய்யலாம் என்று வழி காட்டியவர்களில் முதன்மையானவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. மருத்துவர்கள் வகுத்த வரம்பை யார் தாண்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டுவதுதான் மென்பொருளின் வேலை.

ஹை ரிஸ்க் என்று விழுந்தால் நடப்பது இதுதான்: பரிசோதனை கூடும், பெரிய டாக்டரிடம் அனுப்புவார்கள், பிரசவம் எங்கே என்று முன்கூட்டியே முடிவாகும். சிசேரியன் தேவையா என்பதைக் குழந்தை இருக்கும் நிலை, அதன் இதயத்துடிப்பு, வலி எடுத்தபின் பிரசவம் நகரும் விதம், தாயின் உடல்நிலை இவற்றைப் பார்த்து டாக்டர் தீர்மானிப்பார். முன்பு ஆபரேசன் ஆனவர், நஞ்சுக்கொடி கீழே இருப்பவர் போன்ற சிலருக்கு முன்பே தேதி குறிப்பதும் உண்டு. அதுவும் டாக்டரின் முடிவே.

நூற்பாலையில் வேலை பார்த்த ஒரு பெண். எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். முந்தானையில் பச்சரிசி முடிந்து வைத்து வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். மசக்கை என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு, உள்ளங்கை ரேகையிலும் வெளுப்பு. அரிசி, மண், சாம்பல் தின்னும் ஆசை பல நேரம் இரும்புச்சத்து குறைவின் அறிகுறி. ரத்த அளவு 6.8. பட்டியலில் ஹை ரிஸ்க் என்று ஏறியதும் மாமியார் பரிசோதனை அட்டையை என் முன்னால் தூக்கிப்போட்டார். ஐந்தாம் மாதம் என்பதால் கையில் நேரம் இருந்தது. டிரிப்பில் இரும்புச்சத்து மருந்து ஏற்றினார்கள், மாத்திரையைத் தொடர்ந்தார்கள். சுகப்பிரசவம் ஆனது. ஒன்பதாம் மாதம் வரை மறைத்திருந்தால் ரத்தத்துக்கு அலைந்திருப்பார்கள். ரத்தமே இல்லாத உடம்பில் கத்தி வைக்க எந்த டாக்டரும் ஆசைப்பட மாட்டார். ஆபரேசனுக்குப் பயந்தவர்கள்தான் இந்தப் பதிவை முதலில் தேடி வர வேண்டும்.

பயம் ஆதாரமே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதிகம்தான், எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அதே கணக்கைப் பிரித்துப் பாருங்கள். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. ஆர்.சி.எச். எண் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதானே? மென்பொருள்தான் கத்தியைத் தூக்குகிறது என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தெருவில் ஆபரேசனுக்கு நாள் நட்சத்திரம் பார்த்துக் கொடுப்பவரைக் கேள்வி கேட்காதவர்கள், பிரஷர் பார்க்க வரும் நர்ஸிடம் கதவைச் சாத்துகிறார்கள்.

இப்போது தானாக இயங்கும் முகவர் மென்பொருள்களும் வருகின்றன. பதிவேட்டைத் தானே பார்த்து, யாருக்குச் சேதி போக வேண்டும் என்று தேர்ந்து சொல்லும் நிரல்கள் இவை. மும்பையில் ஆர்மன் என்ற தொண்டு நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு வாராவாரம் போனில் ஆலோசனை ஒலிக்கச் செய்கிறது. பாதியில் கேட்காமல் விட்டுவிடுபவர்கள் நிறைய. யார் விட்டுவிடக்கூடும், இருக்கும் சில பணியாளர்கள் யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று சொல்ல கூகுள் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு நிரல் செய்தார்கள். சுமார் 23,000 தாய்மார்களிடம் சோதித்ததில், கேட்பதை விட்டுவிடுவது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அந்த நிரல் ஒரு மாத்திரைகூட எழுதவில்லை.

ஊரில் சுற்றும் மற்றப் பேச்சுகளை நீட்ட விரும்பவில்லை. மூன்று மாதம் வெளியே சொன்னால் கண்ணு படும் என்கிறார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸிடம் சொல்லுங்கள். ஃபோலிக் அமில மாத்திரை பலன் தருவது அந்த முதல் மாதங்களில்தான். பிரஷர் வர வாய்ப்புள்ளவருக்கு டாக்டர் தரும் சிறு அளவு ஆஸ்பிரினையும் 16 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. பதிந்தால் அரசு ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்பது பொய், எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்ப்யூட்டருக்கு ஆணா பெண்ணா என்று தெரியும் என்பதும் பொய். கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. இரும்புச்சத்து மாத்திரை தின்றால் குழந்தை கறுக்காது, மலம்தான் கறுக்கும். டீ, காபியோடு மட்டும் அதை விழுங்காதீர்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்காகத்தான் பதிவு என்பவர்களுக்கு: பணம் வேண்டாதவருக்கும் பிரஷர் ஏறும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. தப்பாக ஏறும் எண். ஓர் ஊரில் பதிவேட்டைப் புரட்டினேன், மாதாமாதம் எல்லாருக்கும் ஒரே 110/70. பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்து எழுதிய எண் அப்படி வராது. அதை வாங்கிக்கொள்ளும் எந்த மென்பொருளும் ஆபத்தைக் காட்டாது. ஆனால் அந்த நர்ஸை மட்டும் திட்டி நான் நிறுத்த மாட்டேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. பக்கத்து நிலையம் காலியாக இருந்தால் அந்த மக்களும் அவள் தலையில்தான். பகலெல்லாம் நடந்துவிட்டு, ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் போனை வைத்துக்கொண்டு பதிவு ஏற்றுகிறாள். கிராம சுகாதார செவிலியர் இடங்கள் 2,250-க்கு 2023-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டதிலிருந்தே எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது என்று தெரியவில்லையா? புது மென்பொருளுக்கு விழா எடுக்கும் முன் காலியிடத்தை நிரப்புங்கள். பதிவு ஏற்ற ஒவ்வொரு நிலையத்துக்கும் தனியாக ஓர் ஆள் போடுங்கள். இதை வேலையில் இருந்தபோதும் கேட்டேன், இன்னும் கேட்பேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பதியும்போது மில்லில் ஷிப்ட்டுக்குப் போன புருஷனின் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள், பிள்ளைத்தாய்ச்சி கையில் இருக்கும் போனின் நம்பரைக் கொடுங்கள். அவளுக்குத் தனிப் போன் இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள், வளைகாப்புக்கு ஆகிற செலவில் அது ஒரு பெரிய தொகை இல்லை. அடுத்த முறை நர்ஸ் வரும்போது அட்டையில் பிரஷரும் ரத்த அளவும் எழுதிய கட்டங்களைப் பிள்ளைத்தாய்ச்சியே பார்க்கட்டும். போன மாதம் எழுதிய அதே எண் இருந்தால், "மறுபடி பாருங்கம்மா" என்று கையை நீட்டட்டும்.