பல் வேரின் ஊறும் சி.டி. படமும்

திண்டிவனத்தினின்று விழுப்புரத்திற்குப் புகைவண்டியிற் செல்வோர் சாளரத்தருகே அமர்ந்து வெளியே நோக்குவாராயின், இருப்புப் பாதையை அடுத்து நிற்கும் பனைகள் பின்னோக்கி விரைந்தோடக் காண்பர். தொலைவில் நிற்கும் குன்றோ நம்முடன் கூடவே வருவது போலத் தோன்றும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி முதலிய நிலையங்களைக் கடந்து முண்டியம்பாக்கம் சேருமளவும் இவ்வேடிக்கை ஓயாது. சிறுவர்க்கு விளையாட்டாகிய இக்காட்சி, பல் வைத்தியர்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் துணைபுரிந்து வருகின்றது. அஃது எங்ஙனம் என்பதையும், அத்துணை போதாதவிடத்துச் சி.டி. படம் என் செய்கின்றது என்பதையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பல்லென்று நாம் கண்ணாடியிற் காண்பது அதன் ஒரு பகுதியே. முன்பற்களில் வேரானது வெளித்தோன்றும் பகுதியினும் நீண்டதாய், தாடை எலும்பினுட் புதைந்து கிடக்கின்றது. எலும்புக்கும் வேருக்கும் இடையே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு வெளி உண்டு. அதனை நிரப்பி நிற்கும் நுண்ணிய நார்களே பல்லைத் தாங்குவன. இவ்வேருக்கு நேரும் ஊறுகள் பல. அவற்றுள் இரண்டினை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். ஒன்று, வேர் கரைதல். மற்றொன்று, வேர் பிளத்தல்.

திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரிற் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். அவளுடைய மேல்தாடையில் ஒரு பக்கத்துக் கோரைப்பல் மட்டும் முளைக்கவில்லை. அவ்விடத்துப் பாற்பல் இன்னும் விழாது நிற்கின்றது. தாயார், "முளைக்கும் போது முளைக்கட்டும்" என்றிருக்கின்றார். நம் வீடுகளில் வழக்கமாய்ச் சொல்லும் சொல்லே இது, பெரும்பாலும் பொய்ப்பதுமில்லை. ஆயினும், மேற் கோரைப்பல் கண்ணுக்குக் கீழே வெகு உயரத்தில் உருவாகி, நெடுவழி நடந்து வரவேண்டிய பல். அருகிலுள்ள பக்க வெட்டுப்பல்லின் வேரைப் பற்றுக்கோடாகக் கொண்டு அது இறங்கி வருகின்றது. நூற்றுவரில் ஏறக்குறைய இருவர்க்கு இவ்வழி தவறுகின்றது. வழி தவறிய பல் எலும்பினுள்ளே கிடந்து, அண்டையிலுள்ள வெட்டுப்பல்லின் வேரை அழுத்த, அவ்வேர் சிறிது சிறிதாகக் கரைந்துபோவதும் உண்டு. இதிற் கொடுமை யாதெனில், நோவு இல்லை, வீக்கம் இல்லை, நிறமும் மாறுவதில்லை. பாதி வேரை இழந்த பல்லும் வெளிக்கு அழகாகவே சிரிக்கும்.

வெளியே தெரியாததைக் காண்பதற்கு எக்ஸ் கிரணம் வந்தது. ஜெர்மனி தேசத்து ரான்ட்ஜன் அதனை 1895 நவம்பரிற் கண்டறிந்தார். 1896 ஜனவரியிலேயே அந்நாட்டுப் பல் வைத்தியர் ஆட்டோ வால்காப் தம் பற்களையே படமெடுத்துக்கொண்டார். அதற்காக அவர் 25 நிமிஷம் கிரணத்திற்கு வாய்காட்டிக் கிடக்க நேர்ந்தது. மிஷன் கல்லூரியைச் சார்ந்த நமக்கு இவ்விடத்தில் மற்றொரு நினைவு எழுகின்றது. அதற்கு ஐந்தாறு ஆண்டுகட்கு முன்னர், 1890ஆம் ஆண்டில், இதே திண்டிவனத்திலன்றோ ஐடா ஸ்கடர் அம்மையார் ஓர் இரவில் மூன்று இளம் பெண்கள் பிரசவத்தில் உதவியின்றி மாண்டதைக் கேட்டு வைத்தியம் கற்கத் துணிந்தது! அந்நாளில் வைத்தியரே அரியர். இந்நாளிலோ வைத்தியர் உளர், கருவிகளும் உள. எக்கருவியை எப்போது வேண்டுவது என்பதிலேதான் இன்று நம் ஜனங்கள் தடுமாறுகின்றனர்.

நிற்க. எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழலே. விளக்கின் முன் கையை விரித்துப் பிடித்தால் சுவரில் ஐந்து விரலும் தெரியும்; கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் ஒரே கோலாய்த் தோன்றும். பல் வேரும் அவ்வாறே. வேரின் இடப்புறத்திலோ வலப்புறத்திலோ குழி விழுந்திருப்பின் நிழலின் ஓரம் குறைந்து காட்டும். குழி உதட்டை நோக்கிய முகத்திலோ அண்ணத்தை நோக்கிய முகத்திலோ இருப்பின், எஞ்சிய வேரின் நிழல் அதனை மூடிவிடும். போதாக்குறைக்குக் கோரைப்பல்லின் நிழலும் அதன்மேற் படியும். குறைவற்ற வேர் போலக் காட்டும் அப்படம் பொய் சொல்லவில்லை. முன்னும் பின்னும் இன்னதென்று சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை.

இலண்டனில் கிளார்க் என்பவர் 1910ஆம் ஆண்டில் இதற்கு ஓர் உபாயம் உரைத்தார். படம் ஒன்றாக வேண்டா, இரண்டாகட்டும். இரண்டாம் முறை கிரணக் குழாயைச் சற்று ஒருபக்கம் நகர்த்தி எடுக்கட்டும். நகரும் குழாயை வண்டியிற் செல்லும் நம் கண்ணென்று கொள்க. வெட்டுப்பல்லின் வேரை நோக்க, கோரைப்பல் குழாயுடன் ஒரே திசையில் நகர்ந்து காட்டினால் அது தொலைவிற் குன்று போன்றது. அதாவது அண்ணத்துப் பக்கம் கிடக்கின்றது. எதிர்த்திசையில் நகர்ந்தால் பாதையோரத்துப் பனை போன்றது. உதட்டுப் பக்கம் உள்ளது. செலவில்லாத இவ்வுபாயத்தை இன்றும் எச்சிறிய ஊரிலும் கையாளலாம். சில இளைஞர் இதனைப் பழங்கதையென்று ஒதுக்குவது நமக்கு உடன்பாடன்று. ஆயினும், கோரைப்பல் எங்கே கிடக்கின்றது என்பதை உணர்த்தும் இம்முறை, அண்டை வேர் எவ்வளவு ஆழம் கரைந்தது என்பதை உணர்த்தாது.

அதற்குத்தான் சி.டி. படம். பனங்காயை வெளியே எவ்வளவு நோக்கினும் உள்ளே எத்தனை நுங்கு என்பது தெரியாது. குறுக்கே சீவினால் கண்கள் தெரியும். உயிருள்ள உடலைச் சீவாமலே சீவிக் காட்டுவது சி.டி. கருவி. இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த இக்கருவியால் முதன்முதல் ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது 1971 அக்டோபர் முதல் தேதியில். பல திசைகளினின்றும் கிரணத்தைச் செலுத்தி, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு கிரணம் தடையுண்டது என்பதைக் கணித்து, உள்ளிருக்கும் பொருளைக் கணிப்பொறியாற் கட்டுவதே இதன் முறை. அவரும் கார்மக்கும் 1979ஆம் ஆண்டில் நோபெல் பரிசினைப் பகிர்ந்து பெற்றனர். பல்லுக்கென்றே அமைந்த கூம்புக் கிரணச் சி.டி. 1990க்குப் பின்னர் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவாயிற்று. இதிற் படுத்துக் குகைக்குட் செல்ல வேண்டுவதில்லை. பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்தாலே போதும். கருவி தலையை ஒருமுறை சுற்றி வருகின்றது. அவ்வொரு சுற்றிற் கிடைத்த நூற்றுக்கணக்கான நிழல்களினின்று, 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை பக்கமுள்ள நுண் கனசதுரங்களாக உருவம் கட்டப்படுகின்றது. அவ்வுருவத்தை வேண்டிய திசையிற் சீவி நோக்கலாம்.

இதனாற் கண்ட பயன் சிறிதன்று. சுவீடன் தேசத்து எரிக்ஸன், கூரோல் என்னும் இருவர், வழி தவறிய கோரைப்பற்களையுடைய 107 சிறாரைச் சி.டி. மூலம் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தகைய கோரைப்பற்களை அடுத்திருந்த பக்க வெட்டுப்பற்களில் நூற்றுக்கு 38 வேர்கள் கரைவுற்றிருந்தன. சாதாரணப் படங்களிற் புலப்பட்டதைவிட இது மிகுதி.

நம் சிறுமியிடம் மீள்வோம். பற்களை ஒழுங்கு செய்ய இடம் போதாவிடின் வைத்தியர் ஒரு பல்லை எடுத்துவிடுவது உண்டு. வழக்கமாக எடுபடுவது முன் கடைவாய்ப்பல். வெட்டுப்பல்லின் வேர் பெரிதும் கரைந்துபோயிருப்பதை அறியாமல், நல்ல நிலையிலுள்ள கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டால், சில ஆண்டுகளில் அவ்வெட்டுப்பல்லையும் இழந்து இரண்டும் இல்லாதவளாவாள். மாறாக, கரைவு ஆழமில்லையெனத் தெரிந்தால், ஈற்றைத் திறந்து கோரைப்பல்லிற் கம்பி பூட்டி, வெட்டுப்பல்லை உரசாத வழியே மெல்ல இழுத்து வரலாம். அழுத்தம் நீங்கியபின் கரைவு பெரும்பாலும் நின்றுவிடும். அப்பல் பல்லாண்டு நிலைத்திருக்கும். எந்தப் பல்லை எடுப்பது, எப்பக்கம் இழுப்பது என்னும் இவ்விரு வினாக்களின் விடையைப் படம் மாற்றுமாயின் அதை எடுத்தல் தகும். மாற்றாதாயின் எடுத்தல் வீண்.

வேர் பிளத்தலைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். இது பெரும்பாலும் பெரியோர்க்கு, வேர்ச் சிகிச்சை செய்த பல்லில் நேர்வது. சி.டி. படத்தில் எல்லாம் தெரியுமென்று நம்பி வருவோர் ஏமாறுவதும் இங்கேதான். பிளவு பலவேளை கனசதுரத்தினும் நுண்ணியது. அன்றியும், வேரினுள் நிரப்பிய பொருளும் உலோகக் கம்பியும் தம்மைச் சுற்றிக் கருங்கோடுகளை வீசி, இல்லாத பிளவை இருப்பதாகக் காட்டும். ஆகவே கோட்டை மாத்திரம் கண்டு பல்லைப் பிடுங்கலாகாது. வேரையொட்டி எலும்பு ஒருபுறம் நெடுகத் தேய்ந்துள்ளதா, ஈற்றில் ஓரிடத்தில் மாத்திரம் ஆழ்ந்த பை உள்ளதா என்பவற்றையும் கூட்டி நோக்குதல் வேண்டும்.

இனிக் கிரணத்தின் அளவு. ஒரு சிறு பற்படத்தால் உடல் ஏற்கும் அளவு ஏறக்குறைய 5 மைக்ரோ சீவர்ட். மண்ணினின்றும் வானினின்றும் இயற்கையாகவே உலக மாந்தர் சராசரியாக ஒரு நாளிற் பெறுவதினும் இது மிகுதியன்று. சில பற்களை மாத்திரம் அடக்கும் கூம்புக் கிரணப் படத்தின் அளவு கருவிக்கேற்பச் சில நாள் முதற் சில வாரம் வரை பெறுவதற்கு ஒக்கும். பொது மருத்துவமனைகளில் தலை முழுதும் எடுக்கும் சி.டி.யோ ஏறக்குறைய 2 மில்லி சீவர்ட், அதாவது பத்து மாத அளவு. "சி.டி. எடுத்து வாருங்கள்" என்று கேட்டவுடன் தலைப்படம் எடுத்து வருவது, கிரணத்தை மிகுத்து, வேரின் நுட்பத்தை இழப்பதாகும். சிறார்க்கு இதில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். நம் நாட்டில் இக்கருவிகளை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும்.

திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் முக்கோணமாய் அமைந்தவை. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகின்றது. பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் புதுச்சேரிக்கோ சிதம்பரத்திற்கோ செல்லலாம். செல்வோர் முன்னர் எடுத்த படங்களை மறவாது கொண்டு செல்க. எந்தப் பல்லுக்காக, எவ்வினாவிற்காகப் படம் என்பதை வைத்தியர் கைப்பட எழுதிப் பெறுக; அப்பொழுதுதான் படமெடுப்போர் அவ்விடத்தளவில் நிறுத்துவர். கருவி சுற்றும் 10 முதல் 20 விநாடி வரை குழந்தை தலையை அசைத்தலும் விழுங்குதலும் கூடா. அசைந்தாற் படம் மங்கும், மங்கினால் மீண்டும் எடுக்க நேரும். ஆதலின் வண்டியேறுமுன் வீட்டிலேயே, நாற்காலியில் அமர்த்தி, இருபது எண்ணும் வரை அசையாதிருக்கப் பழக்கிச் செல்வது நன்று.