தறிக்குப் பக்கத்தில் ஆராய்ச்சிக் கூடம் வருமா?

கேள்வி: அரசும் தனியார் நிறுவனமும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் ஊருக்கு என்ன லாபம்?
– வாசகர், திருப்புட்குழி

பதில்: ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டு, மறுத்தும் பேசியதாகச் சொல்லப்படும் ஊர் உங்களுடையது. கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

தரமணிக்குப் போய்ப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா 2010-இல் திறக்கப்பட்டது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று வளர்த்தது. வாடகை கொடுத்தால் மட்டும் போதாது, ஐ.ஐ.டி.யோடு கூட்டு ஆராய்ச்சி, மாணவர்களுக்குப் பயிற்சி என்று நிறுவனம் மதிப்பெண் சேர்க்க வேண்டும். சூட்சுமமே இந்த நிபந்தனைதான். கட்டடம் யாரும் கட்டலாம். ஆளை ஆளோடு பேச வைப்பதுதான் கஷ்டம். ஏதர் மின் ஸ்கூட்டர் முளைத்தது ஐ.ஐ.டி. வளாகத்தில்தான். அங்கேயே வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. அதன் எஞ்சின் முப்பரிமாண முறையில் அச்சிட்டது.

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் காஞ்சிபுரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, நெசவாளரோடு கரைப் பக்கம் நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. இதற்கு வழி தேட, பொறியியல் கல்லூரியும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் பட்டுக்கடை முதலாளிகளும் ஒரு தறியைச் சுற்றி உட்காரட்டும். முதல் நாற்காலி நெசவாளருக்கு.