விரலின் வேகமும் அறிவின் நிதானமும்

நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியைக் கையாளும் லாவகத்தைக் கண்டு வியவாத பெற்றோர் இல்லை. "இவனுக்குத் தெரியாததா!" என்று பெருமிதம் அடைந்து, இணையத்தை அவர்கள் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறோம். அன்பர்களே, விரலின் வேகம் வேறு. கண்டதை எடைபோடும் அறிவு வேறு. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என்று எண்ணுவது பெரும் பிழையாகும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்று. 12 மாநிலங்களின் மாணாக்கரிடமிருந்து அவர்கள் 7,804 விடைகளைத் திரட்டினர். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல், விளம்பரம் என்று குறிப்பிட்டிருந்த ஒன்றையே உண்மைச் செய்தியாகக் கொண்டனர்.

உயர்நிலைப் பள்ளியினருக்கு உருக்குலைந்த பூக்களின் படம் ஒன்று காட்டப்பட்டது. 2011-இல் அணு உலை விபத்து நேர்ந்த ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் பூத்தவை என்பது அதனுடன் இருந்த வாசகம். அவ்விடத்தின் நிலைமைக்கு இப்படம் வலுவான சான்றாகுமா என்பது கேள்வி. எடுத்தவர் யார், எடுத்த இடம் எது என்று ஐயுற்றுத் தக்க விடை எழுதியவர் நூற்றுக்கு 20 பேருக்கும் குறைவு. ஏறத்தாழ 40 பேர் படத்தையே சான்றாக ஏற்றனர். ஏறத்தாழ கால் பங்கினர் மறுத்தனர். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் யாது? பூக்களை மட்டும் காட்டுகிறது, பிற செடிகளையும் பிராணிகளையும் காட்டவில்லை என்பதே! மூலத்தை விசாரிக்கும் எண்ணம் அவர்களுக்கும் தோன்றவில்லை.

இக்குறை சிறுவருக்கு மட்டும் உரியதன்று. 2017-இல் அதே ஆராய்ச்சியாளர்கள் சரித்திர அறிஞர் 10 பேரையும், பல்கலைக்கழக மாணவர் 25 பேரையும், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேரையும் சோதித்தனர். அறிஞரும் மாணவரும் பெரும்பாலும் ஒரே பக்கத்தை மேலும் கீழும் படித்து, அதன் சின்னத்திலும் தோற்றத்திலும் மயங்கினர். சரிபார்ப்போரோ அப்பக்கத்தை விட்டுச் சட்டென வெளியேறி, அதை நடத்துவோரைப் பற்றிப் பிறர் கூறுவதைத் தேடினர். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தனர்.

இது நம் கடைக்காரர்கள் அறிந்த வித்தைதான். புதிய ஆள் ஒருவர் கடனுக்குச் சரக்கு கேட்டால், அவர் சட்டையின் வெண்மையைப் பார்த்தா கொடுக்கிறோம்? பக்கத்துக் கடையில் விசாரிக்கிறோம் அல்லவா? அந்த விசாரணையை இணையத்திலும் செய்தல் வேண்டும்.

பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டிய கேள்விகள் மூன்று:

1. இதைச் சொல்பவர் யார்?
2. அதற்கு அவர் காட்டும் சான்று என்ன?
3. மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 2013-இல் தொடங்கிய "ஷுவர்" இயக்கமும், மூலத்தை அறிந்து, பொருளை உணர்ந்து, மேலும் ஆராய்ந்து, சீர்தூக்கிப் பார்க்கும்படியே போதிக்கிறது.

பெற்றோர்களே! வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் செய்தியை முழுதும் படிக்காமலே பத்துப் பேருக்கு அனுப்பும் வாப்பாவைப் பார்த்து வளரும் மகன் எதைக் கற்பான்? இன்றிரவே உங்களுக்கு வந்த செய்தி ஒன்றை எடுத்து, மகனையோ மகளையோ அருகில் அமர்த்தி, இம்மூன்று கேள்விகளையும் இருவருமாகக் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் அதை எவருக்கும் அனுப்பாதீர்கள். முதற்பாடம் அதுவே.