மாண்ட்கோமரியில் காணத்தக்கவை

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தின் தலைநகர் மாண்ட்கோமரி. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் தலைவராக ஜெபர்சன் டேவிஸ் 1861-ல் பதவியேற்ற இடத்தைச் சட்டமன்ற மாளிகை வாயிலில் ஒரு நட்சத்திரம் காட்டுகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மார்ட்டின் லூதர் கிங் போதகராயிருந்த செங்கல் தேவாலயம்.

ரோசா பார்க்ஸ், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானது 1955 டிசம்பர் 1-ல். அதன்பின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் நகரப் பேருந்தில் ஏறவில்லை. பலர் நடந்தே வேலைக்குச் சென்றனர். ஒருநாள் பேருந்து தவறினாலே முணுமுணுக்கும் நாம் எண்ணிப் பார்க்கலாம்! ஆண்டுதோறும் அந்நாள் ரோசா பார்க்ஸ் நாள். 2019-ல் அன்றுதான் அவர் சிலையும் திறக்கப்பட்டது.

கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பின மக்களுக்கான நினைவிடம் 2018-ல் எழுந்தது. மாவட்டத்திற்கு ஒன்றாக 800-க்கும் மேற்பட்ட எஃகுப் பாளங்கள், அவற்றில் பெயர்கள். நடக்க நடக்கத் தரை தாழ்கிறது. பாளங்கள் தலைக்குமேல் தொங்குகின்றன.