கண்ணாடிக்கும் மீனுக்கும் நடுவே

நீருக்கடியில் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் மெகாபிக்சலைப் பற்றிப் பேசுவதில்லை. கேமராவை வைக்கும் பெட்டியின் முன்கண்ணாடி தட்டையா, குவிந்ததா என்றுதான் கேட்பேன். செஞ்சி பக்கம் தொண்டூரில் எங்கள் பம்புசெட்டுக் கிணற்றில் கற்றது இது. கிணற்று நீரும் கடல் நீரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளைக்கின்றன. எனவே கண்ணாடியின் குணத்தை அறியக் கடல்வரை போகவேண்டியதில்லை.

தட்டைக் கண்ணாடி வழியே ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கெண்டை முக்கால் மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். லென்ஸின் பார்வை குறுகும். ஓரங்களில் நிறம் பிரியும். குவிந்த 'டோம்' கண்ணாடியில் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். ஆனால் டோம் காட்டும் பிம்பம் கண்ணாடிக்கு மிக அருகில் விழும். கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸுக்கு டோம் வாங்குவது வீண்செலவு.

1960இல் பெல்ஜியப் பொறியாளர் ழான் த வூட்டர்ஸ், கடலாய்வாளர் ழாக் குஸ்தோவுக்காக உருவாக்கிய 'கலிப்ஸோ' கேமராவுக்குத் தனிப்பெட்டியே கிடையாது, உடம்பே நீர்புகாதது. 1963இல் நிக்கான் அதை 'நிக்கோனோஸ்' ஆக்கியது. அதற்கென வந்த 28 மி.மீ. லென்ஸ், நீரையும் தன் உறுப்பாகக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. கரையில் அது தெளிவான படம் தராது. எனக்கு மிகப் பிடித்த வடிவமைப்பு அதுதான்.

பெட்டியைக் காப்பது ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். ஆழம் கூடக்கூட அழுத்தம் அதைப் பள்ளத்தில் இன்னும் இறுக்கும். அதனால் ஒழுகும் பெட்டி பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே ஒழுகிவிடும். ஒரு தலைமுடி போதும், நீர் நுழைய. களத்தில் மல்லாட்டை காயும் நாள்களில் வெளியில் பெட்டியைத் திறக்கவே கூடாது; அந்தத் தூசி கிரீஸில் ஒட்டினால் எளிதில் போகாது. சிலிகான் கிரீஸும் வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும் போதும். அதிகம் தடவினால் மண்ணைத்தான் சேர்க்கும்.

புதுப்பெட்டி வந்தால் கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ காகிதம் மட்டும் வைத்து, கல் கட்டிக் கயிற்றில் இறக்குவேன். முதலில் சில அடிகளில் கொஞ்சநேரம் நிறுத்திவைப்பேன். பிறகு அடிவரை. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. காகிதம் நனையாமல் வந்தால்தான் கேமரா உள்ளே போகும்.

சிவப்பு நிறம் சுமார் 5 மீட்டருக்குள்ளேயே பெரிதும் மங்கிவிடும். விளக்கு வேண்டும், அதை லென்ஸுக்குப் பக்கத்தில் பிடிக்கக்கூடாது. பாசி படிந்த எங்கள் கிணற்றில் அப்படிப் பிடித்தால் மீன் தெரியாது, மிதக்கும் துகள்தான் வெள்ளைவெள்ளையாய் மின்னும். நீண்ட கைகளில் பொருத்தி இருபுறமும் விலக்கிவைக்க வேண்டும். புதுச்சேரிக் கடல் கலங்கியிருக்கும்போது அதுவும் போதாது. அகல லென்ஸோடு மீனை ஒட்டிப் போனால்தான் நடுவிலுள்ள கலங்கல் குறையும்.

கரையேறியதும் பெட்டியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, ஒவ்வொரு பொத்தானையும் நீருக்குள்ளேயே அமுக்கிவிடுங்கள். உப்பு காய்ந்து படிந்தால் பொத்தான் சிக்கிக்கொள்ளும், அங்குள்ள சிறு வளையங்களும் தேயும்.