வேல்ஸ் நாட்டு ஆடவர் பாடற்குழுவின் ஓராண்டு

இசையரங்கில் அமர்ந்து நல்லதொரு பாடற்குழுவைக் கேட்போர், அவ்வினிமை பாடுவோரின் பிறவிப்பேறு என்று எளிதில் எண்ணிவிடுகின்றனர். வேல்ஸ் நாட்டாரைப் பற்றி இவ்வெண்ணம் மிக ஆழ வேரூன்றியிருக்கிறது. அந்நாட்டைப் பாட்டின் நாடு என்றே பலரும் வழங்குவர். ஆயினும், நூறு ஆடவர் நான்கு குரல்களாகப் பிரிந்து நின்று, கையில் ஏடின்றி, ஒருவரே மூச்சு விட்டாற்போலப் பாடுவது பிறவியால் மட்டும் வருவதன்று. ஒரு மாலைநேரப் பாட்டுக்குப் பின்னால் ஓராண்டின் உழைப்பு மறைந்து நிற்கிறது. அவ்வோராண்டினைப் பருவந்தோறும் நோக்கி, அதனால் நாம் அறியத்தக்கது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

வேல்ஸ், இங்கிலாந்துக்கு மேற்கே மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த சிறு நாடு. அதன் தென்பகுதியில் ரோந்தா என்னும் பள்ளத்தாக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே மிகச் சிலரே வாழ்ந்தனர். நிலக்கரி வெட்டப்படத் தொடங்கியதும் வேலை தேடி மக்கள் திரண்டனர்; 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ரோந்தாவின் மக்கட்டொகை ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டது. பகலெல்லாம் நிலத்தின் இருளில் உழைத்த ஆடவர்க்கு மாலையிற் சென்று கூடுதற்குரிய இடங்கள் பெரும்பாலும் இரண்டே: ஒன்று மதுவிடுதி, மற்றொன்று சிற்றாலயம். பாடற்குழு இவ்விரண்டுக்கும் உறவுடையதாகவே பிறந்தது.

சிற்றாலயம் அவர்களுக்குப் பல குரல்களிற் சேர்ந்து பாடும் பழக்கத்தைத் தந்தது. 1859ஆம் ஆண்டில் ஜான் ராபர்ட்ஸ் என்பார் சபையார் பாடுதற்குரிய மெட்டுக்களின் தொகுதியொன்றை வெளியிட்டார். அதன்பின் பல ஆலயத்தாரும் ஓரிடத்திற் கூடி நான்கு குரலிற் பாடும் கீதத் திருநாட்கள் நாடெங்கும் பரவின. கோடுகளும் புள்ளிகளுங் கொண்ட மேனாட்டு இசைக்குறியைப் பயிலச் சுரங்கத் தொழிலாளிக்குப் பொருளுமில்லை, ஓய்வுமில்லை. இக்குறையைத் தீர்த்தது, ஜான் கர்வன் (1816–1880) என்னும் ஆங்கிலப் போதகர் பரப்பிய டானிக் சால்ஃபா முறை. டோ, ரே, மீ என்னும் சுரங்களை அவற்றின் முதலெழுத்துக்களாலேயே குறித்துக் காட்டுவது அம்முறை. நம் நாட்டார் ஸ, ரி, க, ம என எழுதிக்கொள்வதை அஃது ஒருவாறு ஒக்கும். எழுத்தறிந்தவன் எவனும் சின்னாளில் இதனைக் கற்றுக்கொள்ளலாம். ஆகவே, பியானோவைத் தொட்டறியாதவனும் தன் பகுதியைத் தானே வாசித்துப் பாட வல்லவனானான்.

ரோந்தாவிலுள்ள ட்ரியார்க்கி என்னும் ஊரின் ஆடவர் குழு 1883ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வூர் மதுவிடுதியொன்றில் நடந்த சிறு போட்டியிற் பெற்ற ஒரு பவுன் பரிசே அதன் தொடக்கம் என்பர். பன்னிரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1895-ல், அக்குழு விண்ட்ஸர் அரண்மனையில் விக்டோரியா மகாராணியார் திருமுன் பாடியது. இரண்டாம் உலகப்போரின் இடர்களாற் குலைந்த அதனை, 1946-ல் ஜான் ஹேடன் டேவீஸ் என்னும் பள்ளியாசிரியர் தலைமையில் மீண்டும் அமைத்தனர். வேல்ஸ் நாட்டுக் குழுக்கள் பலவற்றின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே.

குழுவின் அமைப்பு

ஆடவர் குழுவில் நான்கு பகுதிகள் உண்டு. முதல் டெனர் என்போர் உச்சத்திற் பாடுவோர். இரண்டாம் டெனர் அதனையடுத்துப் பெரும்பாலும் மெட்டின் உடலைத் தாங்குவோர். பாரிடோன் இடைநிலைக் குரல். பாஸ் என்பது அடித்தளம். கேட்போர் செவியில் முதல் டெனரே முந்தி விழும். ஆயின் அறிந்தோர், இரண்டாம் டெனரையும் பாரிடோனையும் கொண்டே ஒரு குழுவை மதிப்பிடுவர். நடுவில் நிற்கும் குரல் தவறினால் மேலுங்கீழும் பொருந்தா. தனித்துப் பாடினால் யாருக்கும் இன்பந்தராத ஒரு வரியை ஆண்டு முழுதும் மனமுவந்து பயில்பவனே இங்கு உண்மையான இசைஞன்.

நடத்துநர், பியானோ வாசிப்போர், தலைவர், காரியதரிசி, பொக்கிஷதாரர், இசையேடுகளைக் காக்கும் நூற்காப்பாளர் ஆகியோர் குழுவின் பொறுப்பாளர். பாடுவோர் ஊதியம் பெறுவதில்லை. தாமே சந்தா செலுத்திப் பாடுகின்றனர்.

இலையுதிர்காலமும் குளிர்காலமும்

கோடை ஓய்வுக்குப் பின் செப்டம்பர் மாதத்திற் பயிற்சி மீண்டும் தொடங்கும். வாரத்தில் இரண்டு மாலைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம், பள்ளிக்கூடத்திலேனும் ஆலயத்தையடுத்த கூடத்திலேனும் குழு கூடும். முதலிற் குரலைப் பதப்படுத்துவர். பின்னர் ஒவ்வொரு பகுதியாரும் தத்தம் வரியைத் தனித்தனியே பயில்வர். ஒரு பகுதியார் பாட ஏனையோர் பொறுமையோடு காத்திருப்பர். அதன்பின்னரே நான்கும் சேரும். புதிதாய் வந்தவனை அவன் குரலுக்கேற்ற பகுதியில், அனுபவமுள்ள ஒருவன் பக்கத்தில் அமர்த்துவர். அவன் கற்கும் முதற்பாடம் பாடுவதன்று, கேட்பதே. தன் குரல் தன் செவிக்கே தனித்துக் கேட்குமாயின், அவன் பிழையாகப் பாடுகிறான் என்பது பொருள்.

பாடல்கள் யாவும் மனப்பாடமாக வேண்டும். வெல்ஷ், ஆங்கிலம், லத்தீன், இத்தாலியம் எனப் பல மொழிப் பாடல்களும் இதில் அடங்கும். வெல்ஷ்மொழி பேசாத அங்கத்தினர் இன்று பலர். அவர்கள் சொல்லின் பொருளையும் உச்சரிப்பையும் அயலானிடம் கேட்டுக் கற்கின்றனர். வீட்டிற் பேசாத தாய்நாட்டு மொழியைப் பாட்டினால் மீட்டுக்கொள்வோரும் அவருள் உளர்.

நவம்பரில் போரில் இறந்தோரை நினைவுகூரும் நாட்களிலும், டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் குழு பாடும். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சென்று பாடுதலும் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும். யார் எத்தனை பயிற்சிகளுக்கு வந்தார் என்னும் வருகைக் கணக்கும் குழுவில் முக்கியமானது. நல்ல குரலுடையவனாயினும் வாராதவனைக் காட்டிலும், நடுத்தரக் குரலோடு தவறாது வருபவனே குழுவுக்கு வேண்டியவன். மழை பெய்யும் தை மாத இரவில் வேலை முடித்துக் களைத்து வந்து, மீண்டும் வெளியே புறப்படும் அந்த மனவுறுதியே குழுவின் உயிர்நிலை.

இளவேனில்

மார்ச்சு முதல் நாள் வேல்ஸ் நாட்டின் காவலராகிய தூய தாவீதின் திருநாள். அன்றும் அதனையொட்டியும் எங்கும் இசைவிழாக்கள் நிகழும். கார்டிஃப் நகரில் ரக்பி பந்தாட்டம் நடைபெறும்போது பெருங்கூட்டத்தின்முன் பாடுமாறு குழுக்கள் அழைக்கப்படுவதும் உண்டு. அப்போது நாட்டுக்கீதத்தைக் குழுவினரோடு மக்கள் அனைவரும் பாடுவர்.

இவ்விழாக்களில் 'மவான்வி' என்னும் காதற்பாடல் பெரும்பாலும் இடம்பெறும். அதற்கு இசையமைத்த ஜோசப் பாரி (1841–1903) ஒன்பது வயதிலேயே சுரங்க வேலைக்குச் சென்றவர்; பின்னர் ஆபரிஸ்ட்வித் கல்லூரியில் இசைப் பேராசிரியராக உயர்ந்தவர். அவர் இசையைப் பாடுவோர், தம்முள் ஒருவன் குரலையே பாடுவதாக உணர்வதில் வியப்பில்லை.

இளவேனிலில் குழு வெளியூர்களுக்கும் செல்லும். அக்கச்சேரிகளின் வருவாயிற் பெரும்பகுதி அறச்செயல்களுக்கே செல்வது வழக்கம். இவ்வழக்கம் வறுமையிற் பிறந்தது. 1900 முதல் 1903 வரை வடவேல்ஸில் பென்ரின் கற்பலகைச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய நெடிய போராட்டத்தின்போது, பட்டினியுற்ற குடும்பங்களுக்குப் பொருள் திரட்டப் பாடற்குழுக்கள் ஊரூராகச் சென்று பாடின. 1924-ல் ரோந்தாவிற் பிறந்த பென்டிரஸ் ஆடவர் குழுவில் வேலையிழந்தோர் மிகப்பலர். கையில் வேலையில்லாதவனுக்கு வாரத்தில் இரண்டு மாலைகளிலேனும் 'உன் இடம் இது. நீ வாராவிடின் குறை தோன்றும்' என்று சொன்ன இடம் பாடற்குழுவேயாகும்.

ட்ரியார்க்கிக் குழு 1957-ல் பாடிய ஒரு பாட்டினையும் ஈண்டுக் குறித்தல் தகும். அமெரிக்க நீக்ரோப் பாடகர் பால் ராப்ஸனின் கடவுச்சீட்டை அந்நாட்டு அரசாங்கம் 1950-ல் பறித்துக்கொண்டது. அவரைத் தம் விழாவுக்கு அழைத்திருந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சோர்ந்துவிடவில்லை. 1957 அக்டோபரில், அட்லாண்டிக் கடலின் கீழ்ச்செல்லும் தொலைபேசிக் கம்பி வழியாக அவர் நியூயார்க்கில் இருந்து பாட, போர்த்கால் நகர மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் கேட்டனர். ட்ரியார்க்கிக் குழுவினர் இங்கிருந்து அவருக்குப் பாடினர். மறு ஆண்டில் அவர் கடவுச்சீட்டைத் திரும்பப் பெற்றார்.

கோடை

கோடை போட்டிகளின் காலம். லங்காலன் நகரில் 1947-ல் தொடங்கிய சர்வதேச இசைவிழா கோடையில் நிகழும். போரில் எதிர்த்து நின்ற நாட்டாரும் ஒரே மேடையிற் பாடவேண்டும் என்னும் எண்ணமே அதற்கு வித்து. 1955-ல் இத்தாலியின் மாடெனா நகரிலிருந்து வந்து அங்கே முதற்பரிசு பெற்ற குழுவில், தந்தையோடு நின்று பாடிய இளைஞர் ஒருவர் இருந்தார். அவரே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற லூசியானோ பவரோட்டி.

ஆகஸ்டு முதல் வாரத்தில் 'ஐஸ்டெத்வோட்' என்னும் தேசிய கலைவிழா, ஓராண்டு வடக்கிலும் மறு ஆண்டு தெற்கிலுமாக மாறிமாறி நடைபெறும். கவிதைக்கும் இசைக்குமுரிய இவ்விழாவில் ஆடவர் குழுப் போட்டிக்குத் தனிச்சிறப்பு உண்டு. நடுவர் வெற்றியை மட்டும் அறிவிப்பதில்லை. எங்கே சுருதி தாழ்ந்தது, எங்கே சொல் மங்கியது, எங்கே ஒரு பகுதி மற்றொன்றை மூழ்கடித்தது என்று எடுத்துரைப்பர். ஓராண்டு உழைப்பைச் சில நிமிடங்களிற் பாடி, அதன் குறைகளைப் பலர் அறியக் கேட்டு, மீண்டும் செப்டம்பரிற் பயிற்சிக்கு வந்து அமர்வது எளிய செயலன்று. அதன்பின் சின்னாள் ஓய்வு, ஆண்டு நிறைவுறும்.

நாட்குறிப்பில் இல்லாத பாட்டு

குழுவின் நாட்குறிப்பில் முன்கூட்டி எழுத இயலாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. அஃது அங்கத்தினரின் மரணம். அன்று குழுவினர் சீருடையணிந்து வந்து, தம் நண்பனுக்காகப் பாடுவர். அவன் ஆண்டுதோறும் பாடிய வரியை அவன் பகுதியார் அவனின்றிப் பாடவேண்டும்.

துயரத்திலேயே பிறந்த குழுவும் உண்டு. 1966 அக்டோபர் 21-ல் அபர்வான் என்னும் ஊரில் மலைமேற் குவித்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து, பள்ளிக்கூடத்தையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. மாண்டவர் 144 பேர்; அவருள் 116 பேர் குழந்தைகள். அத்துயரின்பின் ஒன்றுகூடி நின்ற அவ்வூர் ஆடவர் அமைத்ததே அனிசோவன் பாடற்குழு. பேச்சினால் ஆற்றவொண்ணாத துயரைத் தாங்குதற்கு அவர்கள் பாட்டினைத் துணைக்கொண்டனர்.

இன்றைய நிலை

ரோந்தாவின் கடைசி நிலக்கரிச் சுரங்கமாகிய மார்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. சிற்றாலயங்களும் பல மூடப்பட்டன. குழுவைப் பெற்ற தாயும் தந்தையும் போன்ற இவ்விரண்டும் குன்றியபின் குழு எவ்வாறு வாழும்? இன்று பல குழுக்களில் நரைத்த தலைகளே மிகுதி. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது பயிற்சிகள் யாவும் நின்றன. சேர்ந்து மூச்சுவிடுவதே அபாயமாயிற்று. முதியோர் தம் வீட்டில் கணினித் திரையின் முன் அமர்ந்து, அயலான் குரல் கேளாது, தம் வரியைத் தனியே பாடினர். குழு என்பது என்ன என்பதை அந்நாட்களில் அவர்கள் முன்னினும் நன்குணர்ந்திருப்பர்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2010-ல் தென்வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் சிறுவரைத் திரட்டி அமைத்த 'ஒன்லி பாய்ஸ் அலவுட்' என்னும் குழு, அவ்வாண்டின் தேசிய விழாவிலேயே மேடையேறியது. சுரங்கத்தைக் கண்டறியாத அச்சிறுவர் தம் பாட்டனார் பாடிய பாட்டினைக் கற்கின்றனர்.

மாணவ நண்பர்காள், இக்குழுக்களின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சுரங்கம் மூடினும், போட்டியில் தோற்பினும், பக்கத்து இடம் வெறுமையாயினும், குறித்த மாலையில் குறித்த இடத்திற்கு வருவோர் இருக்குமளவும் குழு இருக்கும். நம் கல்லூரியிலும் எத்தனையோ சங்கங்கள் ஆர்வத்தோடு தொடங்கப்பெற்று, இரண்டாம் பருவத்தில் வெறும் பெயராய் நிற்பதை அறிவோம். அவற்றிற்குத் திறமையுடையோர் குறைவில்லை, வருவோரே குறைவு. நடுக்குரலின் புகழில்லா வரியைத் தன் கடமையாக ஏற்று, ஆண்டு முழுதும் தவறாது வந்து பாடும் அந்த வேல்ஸ் தொழிலாளியை நாம் நினைவிற் கொள்வோமாக.