சுள்ளியை விற்கலாம், ஈரத்தை விற்கக் கூடாது

வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவைக் கவாத்து செய்தால் தழை மண்ணுக்குப் போகிறது. குச்சி? பலர் வரப்போரம் குவித்துக் கரையானுக்கு விட்டுவிடுகிறோம். விரல் பருமன் குச்சிகளை அடுப்பு பற்றவைக்கும் சுள்ளியாக நான் விற்கிறேன். முதல் வருஷம் நல்லா பட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

பத்து நாள் காய்ந்த குச்சியைப் பாலிதீன் பையில் போட்டு, வாயை ஒட்டி, மலைப்பக்க விடுதி ஒன்றுக்கு நாற்பது பை அனுப்பினேன். ஒரே வாரத்தில் போன்: "சார், பை பூரா பூசணம். பத்தவைச்சா புகைதான் வருது." பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

என்ன நடந்தது? தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கும் குச்சியின் உள்ளே ஈரம் இருந்தது. வெயிலில் அது ஆவியாகி, இரவுக் குளிரில் பையின் உட்புறம் முத்து முத்தாக நின்றது. வெளியேற வழியில்லை; பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

இதைப் பார்க்க மீட்டர் வேண்டாம்:

1. ஒரு கட்டுக்கு அடையாளம் வைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். நல்ல வெயிலிலும் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது.
2. இரண்டு குச்சியைத் தட்டினால் 'டக்'கென்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் ஈரம்.
3. நாலு குச்சியை உடைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி வெயிலில் வையுங்கள். மாலையில் உள்ளே வியர்த்தால் இன்னும் காயணும்.

இப்போது கணக்கு. பேங்க்காரன் அதை விடமாட்டான். பச்சைக் குச்சி 10 கிலோவில் 45 சதவீதம் ஈரம் என்றால் உலர்பொருள் 5.5 கிலோ. ஈரம் 15 சதவீதமாகும்போது எடை சுமார் 6.5 கிலோ. அந்த 3.5 கிலோ தண்ணீரை விலையில் சரிக்கட்டுங்கள், பையில் அல்ல.

தை, மாசியில் வெட்டி, பங்குனி, சித்திரை வெயிலில் காயவையுங்கள். தரையில் போடாமல் மூங்கில் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். கட்டுவதற்கு வெங்காய வலைப்பை அல்லது சணல் கயிறு போதும், காற்று போகணும். மழை மாதங்களில் ஓலைக்கொட்டகையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

அரளிக் குச்சி ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. அதன் புகையே நஞ்சு.

அந்த விடுதிக்கு மறு வருஷம் ஐந்து வலைப்பை இலவசமாக அனுப்பினேன். இப்போது அவர்களே போன் செய்து கேட்கிறார்கள்.